‘சடலம்’ என்ற சொல்லைச் சேர்த்தபோது

என் பிழைப்பே சொற்களுக்குக் காவல் இருப்பதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பழைய பட்டறைக் கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். பெயிண்ட் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி, பல் மருத்துவமனை என்று யார் யாரோ எங்களுக்கு வாடிக்கையாளர்கள். அவர்களைப் பற்றி இணையத்தின் எந்த மூலையில் புதிதாக ஒரு வரி வந்தாலும் உடனே அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். அதற்கு எந்தெந்தச் சொற்களைக் கண்காணிப்பது, எவற்றைத் தள்ளுவது என்று முடிவு செய்கிற வேலை என்னுடையது. சொல்லைப் போட்டுவிட்டால் மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிஸ்கட்டின் பெயரை மட்டும் போட்டால், அதே பெயர் கொண்ட நடிகையின் கல்யாணச் செய்தியும் விவாகரத்துச் செய்தியும் வந்து கொட்டும். பிஸ்கட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது. வேண்டாத சொற்களுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு அவற்றை வெளியே நிறுத்தினால்தான் வேண்டியது கண்ணில் படும்.

இந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டுவருவேன் என்று நான் நினைத்ததில்லை. தம்பி காணாமல் போனதும் கொண்டுவந்தேன்.

அவனுக்கு முப்பத்துச் சொச்சம் வயது. எஸ்டேட்டிலேயே ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற மெஷினில் வேலை பார்த்தான். கம்பெனி சுருங்கியபோது முதலில் அனுப்பப்பட்டவர்களில் அவனும் ஒருவன். அதற்கப்புறம் திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டு முன்னறையில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். டிவியைப் பார்க்க மாட்டான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். ஒரு காலையில் குளித்து, நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, குமணன்சாவடியில் ஒரு குடோனுக்கு ஆள் எடுக்கிறார்களாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். போன் மேஜைமேல் கிடந்தது. மறந்துட்டுப் போயிட்டான் என்று அம்மா சொன்னாள். போனை அவன் அணைத்து வைத்துவிட்டுப் போயிருந்தான் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

குமணன்சாவடியில் இருக்கிற குடோன்களில் எல்லாம் ஏறி இறங்கினோம். அப்படி யாரும் வேலை கேட்டு வரவில்லை என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டார்கள், அங்க அடையாளம் கேட்டார்கள், போட்டோ வாங்கிக்கொண்டார்கள். கல்யாணமாகாத ஆள், மனசு சரியில்லாமல் எங்கேயாவது கோயில் குளம் என்று போயிருப்பான், வந்துவிடுவான் என்று ஆறுதல் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு எத்தனை ஊரில் தேடுவார்கள்? அன்றைக்கே நான் அலுவலகத்தில் செய்வது போலவே என் போனில் இணைய அறிவிப்பைப் போட்டு வைத்தேன். புதிதாக எதுவும் வந்தால் மெயில் வரும், மெயில் வந்தால் போன் ஒலிக்கும்.

முதலில் அவன் பெயரைத்தான் போட்டேன். பெயர் வைத்தவர் எங்கள் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. முருகனுக்கு இருக்கிற பெயர்களிலேயே தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற பெயராகப் பார்த்து வைத்திருந்தார். கும்பாபிஷேகம் வந்தது. காவடி வந்தது. அந்தப் பெயரில் ஒரு வட்டச் செயலாளர் இருக்கிறார் போல, அவருடைய பிறந்தநாள் வாழ்த்து வந்தது. ஆடிக் கிருத்திகை அன்று மெயில் பெட்டி நிரம்பி வழிந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகத் திறந்தேன். இது அவனாக இருக்குமோ என்று திறப்பேன்; திறந்தால் அரோகரா.

பிறகுதான் எனக்கு உறைத்தது. காணாமல் போனவன் பெயரோடு செய்தியில் வர மாட்டான். ‘சுமார் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆண்’ என்றுதான் வருவான். அதனால் பெயரை எடுத்துவிட்டு அந்தச் சொற்களைப் போட்டேன். அடையாளம் தெரியாத, மயங்கிய நிலையில், மனநலம் பாதித்த, சுற்றித் திரிந்த, காப்பகத்தில் ஒப்படைப்பு, மீட்பு. ஒவ்வொரு சொல்லைச் சேர்க்கும்போதும் தம்பியை அந்தக் கோலத்தில் ஒருமுறை கற்பனை செய்து பார்த்தாக வேண்டியிருந்தது. கடைசியில் கழித்தல் குறி போட்டு, சடலம், பிணம் என்ற இரண்டையும் வெளியே நிறுத்தினேன். அவை உள்ளே வந்தால் வேறு எதுவும் கண்ணில் படாது என்று தொழில் தெரிந்தவளாக எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு சொற்களும் என் போனில் வந்து நிற்பதை என்னால் தாங்க முடியாது என்பதுதான் நிஜம்.

அப்புறம் ஒழுங்கான செய்திகள் வந்தன. எங்கோ ஒரு பஸ் நிலையத்தில் யாரையோ மீட்டுக் குளிப்பாட்டி முடிவெட்டிக் காப்பகத்தில் சேர்த்திருப்பார்கள். செய்தியில் படம் மங்கலாக இருக்கும். தாடியை எடுத்துவிட்டுப் பார்த்தால் தம்பி மாதிரி இருக்கும். படத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறேனோ அவ்வளவுக்குத் தம்பியாகிக்கொண்டே வரும். ஒரு காப்பகத்துக்குப் போன் செய்தேன். நிர்வாகி நல்ல மனுஷர், நீங்களே பேசிப் பாருங்கள் என்று அந்த ஆளிடம் போனைக் கொடுத்தார்.

“அக்கா, எப்ப வர்ற?” என்றது அந்தக் குரல்.

தம்பியின் குரல் இல்லை. போனைத் திரும்ப வாங்கிய நிர்வாகி, அவர் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்றார். அலுவலகக் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தம்பிக்காக அழுதேனா அந்த ஆளுக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்பது ஒரே கேள்விதான், நல்ல சேதி எதனா வந்துச்சா என்று. இல்லம்மா, வருவான் என்பேன். அவள் தோசைக்கல்லைப் போடுவாள். இது மாதக்கணக்கில் நடந்தது.

தை பிறக்கிற சமயம் வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், சொந்தமும் பங்காளியுமாக இருப்பவர்கள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் வைக்க மாட்டார்கள், பங்காளிகளும் வைக்க மாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். காணாமல் போன வீட்டுக்கு என்ன வழக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தப்பா வீட்டுப் பெண்கள் எங்கள் வாசல் வரைக்கும் வந்து, கரும்பு விலையைப் பற்றியும் மெட்ரோ பள்ளத்தைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். பானை வாங்கலாமா கூடாதா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். கேட்க முடியவில்லை. வாங்க வேண்டாம் என்று அம்மா சொன்னால் பிள்ளை செத்தான் என்று ஆகும். வாங்குங்கள் என்று சொன்னால் நாங்களும் பானை வைத்துப் பொங்கலோ பொங்கல் என்று கூவ வேண்டும்.

கடைசியில் யாரும் வைக்கவில்லை. அன்று எங்கள் வரிசையில் ஐந்தாறு வாசல்கள் வெறுமையாகக் கிடந்தன. எங்களால் குழந்தைகளுக்குக்கூடப் பொங்கல் இல்லாமல் போய்விட்டது என்று அம்மா கூனிக் குறுகிப் போனாள். அன்று சாயங்காலம் நல்ல சேதி உண்டா என்று அவள் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீ நல்ல சேதிய மட்டுந்தான் தேடினுகீற. கெட்டதையும் தேடு. எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்.”

எப்படித் தெரிந்துகொண்டாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் போனில் பச்சை பட்டனை அழுத்தத் தெரியும், அவ்வளவுதான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழித்தல் குறிகளை அழித்துவிட்டு, அந்த இரண்டு சொற்களையும் தேட வேண்டியவற்றோடு சேர்த்தேன்.

இந்த ஊரில் இத்தனை பேர் பெயரில்லாமல் சாகிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஏரிக்கரை, கல்குவாரி, பைபாஸ் ஓரம், மூடிய கடையின் படி, தண்டவாளம். போன் ஒலிக்காத நாள் இல்லை. அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, சட்டை இன்னா கலரு என்று கேட்பாள். வெள்ளை என்றால் தலையை ஆட்டிவிட்டுக் கீரையைத் தொடர்வாள். நம் பிள்ளை இல்லை என்று எனக்கு ஒரு மூச்சு வெளியே வரும். அந்த மூச்சை நினைத்தால் என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. கொஞ்ச நாளில் அம்மாவின் கேள்விகள் கூடின. செத்தவனைத் தேடிக்கொண்டு யாராவது வந்தார்களாமா என்று கேட்பாள். அதெல்லாம் செய்தியில் போட மாட்டார்கள் என்று எரிந்து விழுவேன்.

மாசி மாதம் ஒரு காலையில், அலுவலகத்தில் பெயிண்ட் கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. வேப்பம்பட்டு அருகே தண்டவாளத்தில் ஆண் சடலம். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். மாநிறம். நீலக் கட்டம் போட்ட சட்டை.

ரயில்வே போலீசுக்குப் போன் செய்தேன். தம்பிக்கு இடது கை ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது, மெஷினில் போய்விட்டது. அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். போனில் எதையும் சொல்ல முடியாது, நேரில் வந்து பாருங்கள் என்றார் ஏட்டு. அம்மாவுக்கும் போனில் சொன்னேன். திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தில் அவள் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. பையில் என்ன என்று கேட்டேன். அவள் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். ரயில் முழுக்க அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அரசு மருத்துவமனைப் பிணவறையில் ஏட்டு எங்களோடு உள்ளே வந்தார். துணியை விலக்கினார்கள். முகம் அடையாளம் சொல்கிற மாதிரி இல்லை. உயரம் தம்பி உயரம்தான். சட்டை அதே நீலம், கட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது. நான் கையைப் பார்த்தேன். இடது கையில் ஐந்து விரலும் நகத்தோடு முழுசாக இருந்தன.

“உங்க பையனாம்மா?” என்று ஏட்டு கேட்டார்.

“ஆமா. எம்புள்ளதான்,” என்றாள் அம்மா.

அவளும் கையைத்தான் பார்த்தாள். நான் பார்த்தேன், அவள் பார்த்ததை. விரல் போன சமயத்தில் தினம் கட்டு மாற்றிவிட்டவள் அவள். தவறாகச் சொல்ல வழியே இல்லை. பையிலிருந்து புது வேட்டி ஒன்றை எடுத்தாள். தைக்குத் தம்பிக்கென்று வாங்கி வைத்து, கொடுக்க ஆளில்லாமல் பீரோவில் கிடந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அவள் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கியது.

நான் ஏட்டிடம் இல்லை என்றேன். விரலைக் காட்டினேன், புகாரில் எழுதியிருப்பதைச் சொன்னேன். அவர் அம்மாவைக் கோபிக்கவில்லை. இப்படிச் சொல்கிறவர்களை அவர் முன்பே பார்த்திருக்க வேண்டும். அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டுத் துணியை மூடச் சொன்னார்.

வெளியே ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சிமென்ட் கட்டையில் அம்மா உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. அழவும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ இன்னாத்துக்கு இல்லன்னு சொன்ன? அவனுக்கும் யாரும் வரல. நமக்கும் யாரும் கெடைக்கல. ஊட்டுக்கு எடுத்துகினு போயி எரிச்சிருந்தா ரெண்டு பேருக்கும் முடிஞ்சிருக்கும்.”

வேறு யாருடைய பிள்ளையோ, அவனைப் பெற்றவள் எங்கேயோ காத்துக்கொண்டிருப்பாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நம்ம ஆள் உயிரோடு இருக்கிறான்மா, வருவான் என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை மாதமாகச் சாயங்காலம் தவறாமல் சொன்னதுதான் அது. சொல்ல வாயெடுத்தபோது, அதில் எனக்கே துளி நம்பிக்கையும் மிச்சமில்லை என்று தெரிந்தது. எப்போது போனதென்று தெரியவில்லை. நான் அவள் பக்கத்தில் அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்தேன்.

“ஆமான்னு சொல்லியிருக்கலாம்மா,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.