கோமதி வீட்டைவிட்டுப் போனது சரியா?

கடற்காற்றில் நமுத்துப்போன தாளில் பேனா முள் பட்டதும் மை ஊறும். மரக்காணத்தில் நாங்கள் எழுதிய எழுத்தெல்லாம் ஒரு சுற்றுப் பருத்தே இருக்கும். எழுபதுகளின் நடுவில், பதினோராம் வகுப்பில், அவற்றைத் திருத்தித் திருத்தி எங்கள் தமிழ் டீச்சருக்கே அலுத்துவிட்டது போலும், ஒருநாள் கட்டுரைகளை எங்களிடமே கொடுத்து, ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி திருத்தச் சொன்னார். "கருத்த மாத்தாதீங்க, கட்டுரையத் திருத்துங்க" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

துணைப்பாட நாவலில் கோமதி என்ற பெண், தாய் இறந்த பிறகு தகப்பனையும் தம்பிகளையும் விட்டுவிட்டு வேலைக்காகப் பட்டணம் போய்விடுவாள். அது சரியா தவறா என்று வாதிட்டு எழுத வேண்டும். சரி என்று நான் எழுதியிருந்தேன். ஆபீஸ் உத்தியோகஸ்தர் மகளான எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. திருத்துவதற்கு எனக்கு வந்தது ஆரோக்கியமேரியின் கட்டுரை. தவறு, மன்னிக்க முடியாத தவறு என்று அவள் எழுதியிருந்தாள்.

மேரியின் அம்மா விடியும் முன்பே உப்பளத்துக்கு "உப்பு வார"ப் போய்விடுவார். அப்பா உப்பு வண்டி ஓட்டுபவர்; லோடு இல்லாத நாட்களில் சீட்டாடிக்கொண்டிருப்பார். சமைத்து, மூன்று தம்பிகளுக்கும் போட்டுவிட்டு, மேரி எப்போதும் பிந்தி, தூக்கம் கலையாத கண்களோடு வகுப்புக்கு வருவாள். ஆனாலும் முதல் மார்க் அவளுக்குத்தான். பரீட்சை முடிந்ததும் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் பி.யு.சி. படிக்க இடம் வாங்கித் தருவதாக மாதா கோயில் சிஸ்டர் சொல்லியிருந்தார். மேரி பதில் சொல்லாமலே நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

ஒற்றுப்பிழைகளைத் திருத்திய பிறகு, 'போகிறவளுக்கென்ன, இருக்கிறவர்கள்தானே பட்டினி கிடப்பார்கள்' என்ற வரியின் ஓரத்தில் 'நாவலில் சான்று எங்கே?' என்று எழுதினேன். மத்தியானம் மேரி அந்தத் தாளோடு வந்து நின்றாள்.

"சான்றா? எங்க வூட்டுக்கு வந்து பாரு, இருக்குது."

"உங்க வூட்டப் பத்தியா எழுதச் சொன்னாங்க? புஸ்தகத்துல காட்டு."

இருவரும் ஒரே புத்தகத்தைப் புரட்டித் தேடினோம். கோமதி போன மறுநாள், கடைசித் தம்பி பக்கத்து வீட்டில் கஞ்சி கேட்டு நிற்கும் இடம் அகப்பட்டது. "பாத்தியா!" என்றாள் மேரி. தோற்றுப்போன எரிச்சலில் நான் அதே பக்கத்தின் மேல்வரிகளைப் படித்தேன். தகப்பனார் ஈசிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, இவரு வூட்லதான இருக்காரு? இவரு ஒல வெக்கக் கூடாதா?"

"ஆம்பளயா?" என்று மேரி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தாளை மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் அவள் திரும்ப எழுதிக் கொண்டுவந்த கட்டுரையின் முதல் பாதியில் மாற்றமில்லை. அடுத்த பாதியில், பிள்ளை பசித்திருந்தது உண்மை, அந்தப் பசிக்குக் கோமதி ஒருத்திதான் பொறுப்பென்று இத்தனை நாள் ஏன் நினைத்தோம் என்று எழுதியிருந்தாள். திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. "நீ எந்தப் பக்கம்னே தெரியலியேம்மா" என்று டீச்சர் மார்க்கைக் குறைத்தார்.

அந்த வாரமே அவள், "நீ கேட்டத எங்கப்பாகிட்டயே கேட்டுட்டேன்" என்றாள்.

"இன்னா சொன்னாரு?"

"துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு வெளிய போய்ட்டாரு."

போகாதே என்று யாரும் சொல்லாததால் ஜூன் மாதம் மேரி பாண்டிச்சேரிக்குப் போனாள். அவள் அப்பா உலை வைக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்த மூத்த தம்பி அந்தோணி வைத்தான். அவனும் அக்காவைப் போலப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய்க்கொண்டிருந்தான். பிறகு போகாமலே நின்றுவிட்டான். கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவள் இதைப் பார்த்துவிட்டு, திரும்பப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். "அவன் படிப்பு போனது போச்சி, உன்னுதும் போவணுமா?" என்று அம்மாதான் அவளை இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டார். அந்தோணி உப்பளத்துக்குப் போனான்.

மேரியும் நானும் டீச்சர்களாகி, முப்பது வருஷத்துக்குமேல் மற்றவர்களின் கட்டுரைகளைத் திருத்தி ஓய்ந்துவிட்டோம். நாங்கள் படித்த ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை, எங்கள் டீச்சரும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் நோட்ஸைப் பார்த்து வாதத்தின் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கும் தெம்பில்லை. இரண்டு பக்கத் தாளில் ஒருத்தி செய்தது சரி, தவறு என்று தீர்த்துவிடலாம் என்றிருந்த அந்த நிச்சயம் எப்போது போனதென்றே தெரியவில்லை.

போன மாதம் அந்தோணியின் மகளுக்குக் கல்யாணம். மேரியும் நானும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பெண்ணைப் பெற்றவன், ஆட்கள் இருந்தும், தானே சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தான். "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கக்கா, நீ சரியாவே சாப்பிடல" என்றான். மேரி இலையிலிருந்து தலை நிமிரவில்லை.