சர்க்கார் எடுத்த ஒரு மணியும் என் ஒரு வருஷமும்

காய்ச்சலின் முதல் குளிர் என்னை உலுக்கிய சாயங்காலம் அம்மாவும் தங்கை ரோசியும் வீட்டில் இருந்தார்கள். அப்பா இல்லை. மயிலாப்பூரில் எங்கள் பங்கு மாதா கோயிலில் மணியடிப்பது அவர் வேலை. காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வேளை ஜெபத்துக்கும் அடிக்கும் திரிகால மணிக்குப் போயிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான்.

ஐந்தாம் நாள் டாக்டர் வந்து டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் காய்ச்சல்) என்றார். இதற்கென்று மருந்து கிடையாதாம். தானாக விடும்வரை படுத்தே கிடக்க வேண்டுமாம். பார்லித் தண்ணீரும் மோரும்தான் ஆகாரம். எழுந்து நடமாடினால் குடல் ஓட்டையாகி உயிருக்கே ஆபத்து என்று அம்மாவிடம் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டேன்.

"மூணு வாரம் ஆகலாம், நாலும் ஆகலாம். அதுக்கு உன் பரீட்சைத் தேதி தெரியாதுப்பா."

தினமும் அப்பாவின் மணியில்தான் கண் விழிப்பதாகச் சொல்லி, பீஸ் வாங்காமல் போனார்.

உங்கள் வீட்டிலும் இந்தக் காய்ச்சல் இருந்தால் ஒன்று சொல்கிறேன். காலையில் அது விட்டாற்போல் இருக்கும், நம்பாதீர்கள். நான் நம்பினேன். பரீட்சையன்று காலை உடம்பு சில்லென்றிருந்தது. சர்வேசுரன் வேளை பார்த்து இறக்கிவிட்டார் என்று நினைத்து, அம்மா குழாயடிக்குப் போன சமயம் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டேன். பூசை முடிந்து அப்பா எதிரே வந்தார். இன்று பரீட்சையை விட்டால் ஒரு வருஷம் போய்விடும் என்று அழுதேன்.

யுத்தத்துக்காக சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. வெயிலைப் பார்த்தே மணியடித்துப் பழகிய அப்பாவுக்கு அதில் தீராத கோபம்.

"கவருமெண்டு ஒரு மணி நேரத்த எட்த்துகினு போச்சு. சண்ட முடிஞ்சா குட்துடும்னு நம்பிக்கினு கீறோம். ஆண்டவரு மட்டும் உன் வருசத்த துன்னுட்டு ஏப்பம் வுடுவாரா, நைனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மத்தியானம் தர்மாமீட்டர் நூற்றுநாலு காட்டியது.

அதுவரை என் ஜெபமெல்லாம் சர்வேசுரனுக்குத் தேதி குறித்துக் கொடுப்பதாகவே இருந்தது. அன்றோடு தேதியை விட்டுவிட்டேன். மனசு லேசாகிவிட்டது.

நாலாம் வாரக் கடைசியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் காய்ச்சல் ஏறவில்லை. டாக்டர், "விட்டுடுச்சு" என்றார். அப்போதும் அப்பா வீட்டில் இல்லை. ரோசி கோயிலுக்கு ஓடினாள். சற்று நேரத்தில் மணி முழங்கியது. பிற்பகல் மூன்றரை, எந்த மணிக்கும் அது வேளையில்லை. குண்டு போட ஏரோப்ளேன் வருகிறதோ என்று தெருவே வெளியே வந்துவிட்டது. இது எந்த நேரத்து மணி என்று பங்குச் சாமியார் அப்பாவைக் கேட்டாராம்.

"பழைய நேரமும் இல்ல சாமி, புது நேரமும் இல்ல. எம் புள்ளைக்கு சொரம் வுட்ட நேரம்."

சாமியார் சிரித்துக்கொண்டே சம்பளத்தில் எட்டணா பிடித்துவிட்டார்.

தெம்பு வரும்வரை வீட்டிலிருந்த மாதங்களில், பொழுது போக ரோசிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். மறு வருஷம் நான் பாஸானேன். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்தாள்.

இப்போதும் மத்தியான மணி கேட்டால் என் கை தானாக நெற்றிக்குப் போகிறது. சிலுவை போடவா, சூடு பார்க்கவா என்று எனக்கே தெரிவதில்லை.

யுத்தம் முடிந்ததும் சர்க்கார் அந்த ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்தது. என் வருஷமும் ரோசியின் சிலேட்டில் வந்து சேர்ந்தது. ஆகமொத்தம் எங்களுக்கு ஆன செலவு எட்டணா.