பச்சைச் சாயம் ஊற்றிய தொட்டி

தொட்டி முதன்முதலாகப் பச்சை பிடித்த காலையில், மேலாளர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "குளத்துப் பாசிக்கா கண்ணு இத்தன பாடு?" என்று கேட்டார். திருப்பூர் முதலிபாளையத்தை ஒட்டிய பனியன் கம்பெனிச் சாயப்பட்டறை ஒன்றில், கழிவுநீர்ப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்பாசியைக் கழிவுநீரில் வளர்த்தால், அதிலுள்ள அழுக்கையும் நிறத்தில் ஒரு பகுதியையும் அது எடுத்துக்கொள்ளும். உப்பை எடுக்காது, அதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்த பிறகே முதலாளி எனக்கு ஒரு தொட்டியை ஒதுக்கினார். அடர்ந்த சாயத்துக்குள் வெயில் இறங்காது, வெயில் இல்லாமல் பாசி பிழைக்காது. அதனால் கழிவுநீரை நல்ல தண்ணீரில் கலந்து, குடுவையிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து தொட்டிக்கு என்று பாசியைப் பழக்கியிருந்தேன்.

அந்த மேலாளரை எனக்குப் பிடித்ததே இல்லை. இன்றும் பிடிக்கவில்லை. காலமானவருக்காக நல்ல வார்த்தை தேடும் நிலையும் எனக்கு இல்லை. மனிதர் சௌக்கியமாக இருக்கிறார். குரலை உயர்த்தவே மாட்டார், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட வாங்க, போங்க என்றுதான் அழைப்பார். அந்த மரியாதை தொண்டைக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொட்டியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு, நான் விடுப்பில் இருந்தபோது, துணி வெளுத்த மருந்துத் தண்ணீரைத் தேக்க இடமில்லை என்று அதை என் தொட்டியில் திறந்துவிட மேலாளர் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், பாசி வெளிறிச் சளியாக அடியில் கிடந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே, சார்."

"பாசிதானுங்க கண்ணு. மறுபடி வரும்."

"அவங்க வர்றதுக்குள்ள வராதுங்க."

"வர வேண்டாமுங்க. பார்வைக்குப் பச்சையா இருந்தாப் போதும்."

அன்று மதியமே தொட்டியைக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, பச்சைச் சாயம் ஊற்றினார்கள். அவரே பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பக்குவம் சொன்னார்.

வந்தவர்களில் நடுவயதுப் பெண் ஒருவர் இருந்தார். எல்லாம் இந்தப் பெண் வளர்த்தது என்று மேலாளர் என்னை முன்னால் தள்ளிவிட்டார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் எடுத்தார்கள். நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்புக்காகத்தான் மேலாளரை இன்றுவரை மன்னிக்கவில்லை. பிறகு, கையிலிருந்த வெள்ளைப் பனியன் துணித்துண்டைத் தொட்டியில் முக்கி எடுத்து நீட்டினேன். சொட்டச் சொட்டப் பச்சை. "இது பாசியில்லை, சாயம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துணியைத் தொட்டிச் சுவரின் மேல் வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, அடுத்துத் தையல் பிரிவுதானே என்று கேட்டார்.

அவர்கள் கார் ஏறியதும் மேலாளர் வந்தார். "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க கண்ணு. இருந்து சாப்ட்டுட்டுப் போங்க." நான் சாப்பிடவில்லை.

இப்போது தாராபுரம் சாலையில் வேறொரு பட்டறையில் இருக்கிறேன். அங்கே பாசியை நிலைக்கவைக்கவே இரண்டு வருடம் பிடித்தது. இரண்டு முறை செத்தது. இரண்டு முறையும் செத்தது என்றே பதிவேட்டில் எழுதினேன். போன மாதம், சாயத் தொழில் செய்பவர்களின் கூட்டம் ஒன்றில் அந்தப் பழைய மேலாளர் மேடையேறி, திருப்பூருக்குப் பாசியைக் கொண்டுவந்ததே தாங்கள்தான் என்று பேசினார். நல்ல கைதட்டல். இறங்கியவர் நேராக என்னிடம் வந்தார்.

"நல்லா இருக்கீங்களா கண்ணு? உங்க தொட்டிய ஒரு நாள் வந்து பாக்கோணும்."

"வராதீங்க, சார். வந்தா கேட்டத் தொறக்க மாட்டேன்."

சுற்றி நின்றவர்கள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன். எத்தனையோ வருடமாக அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பு, முதல் தடவையாக என் கண்ணெதிரே கழன்றது. எனக்கு அது போதவில்லை.