முழங்காலும் ஓயாச் சக்கரமும்

எங்கள் தெருவில் ஒரு செய்தி பரவியிருக்கிறது. பின்சக்கரத்தை ஓயவிடாமல் இறுக்கிய மிதிவண்டியை ஓட்டினால் முழங்கால் நோய் தீருமாம். அதற்கு நானே சான்றாம். இதை நம்பி, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி வணிகம் செய்யும் உறவினர் ஒருவர் தம் தமக்கைக்காக வழி கேட்டு என்னை அழைத்தார். உடம்பைப் பற்றிய பேச்சில் மிகை கலந்தால், அது கேட்பவரின் உடம்பைக் கெடுத்துவிடக்கூடும். ஆகவே, என் கண்ணால் கண்டவற்றையும் காலால் அறிந்தவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். பிறர் சொன்னவை, நான் கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்னரே இடம்பெறும்.

சென்ற ஆண்டு ஸ்கூட்டரிலிருந்து சறுக்கி விழுந்ததில் என் இடது முழங்காலை ஒட்டி எலும்பு முறிந்தது. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது; கால்தான் மடங்கவில்லை. “தினமும் சைக்கிள் ஓட்டுங்க. மடக்கினாத்தான் மடங்கும்” என்றார் மருத்துவர்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: கோயிலில் முழந்தாளிடுவது. எங்கள் பங்குக் கோயிலில், திருப்பலியின்போது குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற வேளையில் எல்லாரும் தரையில் முழந்தாளிடுவார்கள். இயலாதவர்களுக்குச் சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. அங்கே அமர்வது குறையன்று. யாரும் என்னை ஏளனமாகப் பார்த்ததுமில்லை. ஆயினும் நாற்காலியில் இருந்தபோதெல்லாம் நான் திருப்பலியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அதில் இருக்கவில்லை.

வீட்டில், கல்லூரி நாளில் நான் வாங்கிய எஃகுச் சட்டத்து ரேஸ் சைக்கிள் இருந்தது. கியர் மாற்றும் கருவி துருவேறி இறுகிப்போயிருந்தாலும், சங்கிலி ஒரே பற்சக்கரத்தில் ஓடியது. அதில் ஏறி, காலை வேளைகளில் சித்தையன்கோட்டைச் சாலையில் செல்லத் தொடங்கினேன். வலி எனக்கு விரைவில் ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொடுத்தது. வலக்காலால் கால்வாசிச் சுற்று மிதிப்பேன். உடனே மிதியைப் பின்னுக்குத் திருப்பி, மீண்டும் கால்வாசிச் சுற்று மிதிப்பேன். வண்டி நகரும்; இடக்கால் ஒருமுறையேனும் உச்சிக்கு வந்து மடங்க வேண்டியதில்லை.

ஸ்கூட்டரில் துணைக்கு வந்த என் மனைவி இதைக் கண்டுபிடித்தாள்.

“ஏங்க, இது சைக்கிள் ஓட்டுறதா, அடிபம்புல தண்ணி அடிக்கிறதா?”

அன்று மாலையே தன் தம்பியை அழைத்துவிட்டாள். அவனுக்கு ஊருக்குள் லேத் பட்டறை உண்டு. வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான்.

“மச்சான், இம்புட்டு நாளா வண்டிய உங்க காலை நம்பி விட்டோம். இனிமே உங்க காலை வண்டிய நம்பி விடுவோம்.”

மிதிக்காதபோதும் சக்கரம் உருள்வது, பின்சக்கரத்தின் பற்சக்கரத்துக்குள் இருக்கும் பிரீவீல் என்னும் அமைப்பால்தான். அது முன்னோக்கிப் பிடிக்கும், பின்னோக்கி விட்டுவிடும். அவன் பல கியர்ப் பற்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஒற்றைப் பற்சக்கரப் பிரீவீல் ஒன்றை அசையாதபடி வெல்டிங் வைத்து மாட்டினான். பின்னோக்கி அழுத்தினால் அது மரை கழன்று வரக்கூடும் என்பதால், பழைய பெரிய சைக்கிள் ஒன்றின் மிதியச்சிலிருந்து எடுத்த வளைய நட்டை அதன்மேல் இறுக்கினான். இரண்டுக்கும் மரை ஒன்றாகவே இருந்ததை நானே திருகிப் பார்த்தேன். பிறகு சங்கிலியை அளவாக வெட்டி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துத் தொய்வை நீக்கினான்.

“நிக்கணும்னா என்ன மாப்ள செய்றது?”

“ரெண்டு பிரேக்கும் இருக்குல்ல. அதைக் கழட்டுனா அக்கா என்னைய வெட்டிப்போடும்.”

மருத்துவரிடமும் கேட்டேன். வலி மிகுந்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வண்டியில் கால் ஓயாது. சக்கரம் சுழலும்வரை மிதிகளும் சுழலும். இருக்கையை உயர்த்தி, இடுப்பை வலப்பக்கம் சாய்த்து, இடக்காலை எப்படியோ உச்சியைத் தாண்டச் செய்தேன். முதல் நாள் அப்படியே ஊர் எல்லையை நெருங்கினேன்.

எல்லையில், மாதா சிலை வைத்த சிறு குகை போன்ற கெபி ஒன்று உண்டு. எங்கள் ஊரில் சைக்கிளில் போகும் கிறித்தவர் எவரும் கெபியின் முன் மிதிப்பதில்லை. காலை நிறுத்தி, வண்டியைத் தானாக உருளவிட்டு, வலக்கையால் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு போவார்கள். சிறுவயது முதல் எனக்கும் அதுவே வழக்கம். கை எழுந்தது, இடுப்பு நேரானது, இடக்கால் கீழே நின்றது. சக்கரம் நிற்கவில்லை. மிதி என் காலைத் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டது. நான் எழுப்பிய குரலைச் செபம் என்று எவரும் சொல்லமாட்டார்.

“கும்புட்டது போதும், ரோட்டப் பாருங்க!” என்று பின்னாலிருந்து கத்தினாள் மனைவி.

பிரேக் பிடித்து இறங்கினேன். வலி சிறிது நேரத்தில் அடங்கியது. முழங்கால் வீங்கவில்லை. இடுப்பைச் சாய்க்காமலே அது மடங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செய்தி கேட்ட மைத்துனன் சிரித்து மாளவில்லை. “மாதாவுக்கு முன்னாடிகூட நிக்கமாட்டேன்னு போற ஒரே ஆளு நீங்கதான் மச்சான்.”

“ஏலே, அவரு நிக்கத்தான் பாத்தாரு. நீ வச்ச வெல்டிங்கு விடல” என்றாள் அவன் தமக்கை.

அதன்பின் காலை நிறுத்தாமலே சிலுவை வரையப் பழகிக்கொண்டேன். சோளக்காடும் தென்னந்தோப்பும் மாறிமாறி வரும் அச்சாலையில் நாள்தோறும் சென்றேன். இறக்கத்தில் கால்கள் என்னைக் கேளாமலே விரையும்; ஏற்றத்தில் சக்கரமே இடக்காலை ஏந்திக்கொண்டு போகும். வலி சிறிது சிறிதாகக் குறைந்தது. இதற்கிடையில் மைத்துனன் வரும்போதெல்லாம் எனக்குத் தெரியாமல் இருக்கையை ஒரு விரலளவு தாழ்த்தியிருக்கிறான். நான் ஐயுற்றுக் கேட்டபோது ஒப்புக்கொண்டதால் இதையும் எழுதுகிறேன். இருக்கை தாழத் தாழக் கால் மேலும் மடங்கியாக வேண்டும்.

மழை தொடங்குவதற்கு முந்திய ஒரு ஞாயிறன்று, எழுந்தேற்ற மணி ஒலித்தபோது, நாற்காலியைவிட்டு முன்னால் வந்து, பெஞ்சைப் பிடித்தபடி தரையில் இறங்கினேன். இடது முழங்கால் மடங்கித் தரையைத் தொட்டது. பெண்கள் அமரும் மறுபக்கத்திலிருந்து வந்து அருகில் முழந்தாளிட்ட மனைவி காதோடு கேட்டாள்:

“எந்திரிக்க முடியுமா?”

“தெரியல.”

“சரி, பிறகு பாத்துக்குவோம்.”

எழவும் முடிந்தது, சற்று நேரமாயிற்று, அவ்வளவே.

காலை மடக்கியது அந்தச் சக்கரமா, அல்லது சில திங்கள் கழிந்தமையா என்பதை நான் அறியேன். இரண்டும் இருக்கலாம் என்கிறார் மருத்துவர். கெபியின் முன் நேர்ந்தது நன்மையா, தீங்கின்றித் தப்பிய ஒரு விபத்தா என்பதும் தெரியவில்லை. இன்னொருவர் காலுக்கு இது பொருந்துமா என்பது எனக்குத் தெரியாது.