வெயிலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன்

பெல்காசத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவன் என்பார்கள். உடனே ஒரு "ஆனால்" போடுவார்கள். அந்த ஆனாலுக்குக் காரணம், குடிநீர் நிலையத்துக்குப் பின்னால் கறுப்பு விரிப்பு போட்டுக் கிடந்த நான்கு குளங்கள்.

கெபிலியிலிருந்து தெற்கே பாலைவனத்துக்குள் போகும் சாலையில் உள்ள ஊர் அது. ஆழ்கிணற்று நீரைச் சவ்வுக்குள் அழுத்தினால் ஒரு பக்கம் குடிநீர் வரும். மறு பக்கம் உப்பையெல்லாம் சுமந்துகொண்டு கழிவு வரும். அந்தக் கழிவில் ஒரு சொட்டும் வெளியே போகாமல் குளத்தில் தேக்கி, வற்றவிட்டு, மிஞ்சும் உப்பை வாரி எடுப்பது பெல்காசத்தின் வேலை. கை நனைக்கவே கணக்குப் பார்க்கும் ஊரில், தண்ணீரைச் சூரியனுக்குக் கொடுக்கிறவனை யார் மெச்சுவார்கள்?

டீக்கடையில் அவன் தலை தெரிந்தாலே ஜிலானி ஆரம்பித்துவிடுவார். பாசனத் தண்ணீரைத் தோட்டங்களுக்கு முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பவர் அவர்.

"வாங்கய்யா, வெயிலுக்குத் தண்ணி ஊத்துறவரே. இன்னிக்குச் சூரியன் வயிறு நெறஞ்சுதா?"

பெல்காசம் பதில் சொல்லமாட்டான். இயந்திரத்தில் ஒரு சத்தம் மாறினால் தூக்கத்திலும் கண்டுபிடிக்கிற காது அவனுக்கு. வாய்க்குத்தான் பூட்டு. இருபது வருஷமாகக் கேலியைக் கேட்டுக் கேட்டு, இவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தான். முடிவு தப்பு என்பது என் கட்சி. அதற்கு அவன் கொடுத்த விலையைத்தான் சொல்ல வந்தேன்.

குளம் வெட்டுவதற்கு முன்பெல்லாம் கழிவு ஒரு ஓடையில் போய் உப்புச் சதுப்பில் கலக்கும். வழியில் இருந்த தோட்டக்காரர்கள் கொஞ்சம் திருப்பிக்கொள்வார்கள். பேரீச்சைக்குக் கொஞ்சம் உப்பு பொருட்டில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் புது இயந்திரம் வந்தது. கழிவையே இன்னொரு தரம் பிழிந்து குடிநீர் எடுக்கிற இயந்திரம். ஊருக்குக் கூடுதல் தண்ணீர் கிடைத்தது. குழாயில் வந்த கழிவு குறைந்தது, ஆனால் கடல் நீரைவிட உப்பானது. குழாய் அதே குழாய், பார்வைக்குத் தண்ணீரும் அதே தண்ணீர்.

நிலையத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் அவனுடைய அக்கா மப்ரூக்காவின் தோட்டம். புருஷன் போனபின் அவள் தன் கையால் நட்ட முப்பது பேரீச்சங்கன்றுகள் அங்கே இருந்தன. ஜூலையில் பாசனக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோனது. பழுது பார்க்க காபெஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். கன்றுகள் வாடத் தொடங்கின. மப்ரூக்கா வேலியோரம் வந்து நின்றாள்.

"தம்பி, கொழாயக் கொஞ்சம் தெறந்து விடு. கன்னுங்க உசிரு தப்பட்டும்."

"முடியாதுக்கா."

"ஏன் முடியாது?"

"உத்தரவு இல்ல."

"அம்மா போனப்ப உன்னை இடுப்புல தூக்கி வளத்தேனே, எவன்கிட்ட உத்தரவு வாங்குனேன்?"

அவன் மீட்டரைப் பார்க்கப் போய்விட்டான். 'இது பழைய தண்ணி இல்லக்கா' என்று நாலு வார்த்தை போதும். சொன்னாலும் சாக்கு என்றுதான் நினைப்பாள் என்று அவனே தீர்மானித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் குளத்துக்குப் போகும் நீரின் அளவு இறங்கியது. குழாயோடு நடந்தான். அது வேலியைத் தாண்டி அக்காவின் தோட்டத்தோரமாகப் போகும் இடத்தில் அரிவாளால் கீறிய வெட்டு. அதிலிருந்து முப்பது பாத்திகளுக்கும் வாய்க்கால். மப்ரூக்கா மட்டை நிழலில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். குளம் வெட்டுவதற்கு முன்பிருந்தே தெரிந்த தண்ணீரை யார் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள்?

பெல்காசம் விரலை நனைத்து நீட்டினான். அவள் நாக்கில் பட்டதும் துப்பினாள்.

"எப்போலேர்ந்து இப்பிடி?"

"ரெண்டு வருஷமா."

"வெள்ளிக்கெழம தவறாம எங்க வீட்டுல சாப்பிடுற. உன் வாயில கல்லா இருந்துச்சு?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மண்ணில் இறங்கிய உப்பை நல்ல தண்ணீரால்தான் கழுவி இறக்க முடியும், அதுவும் இரண்டு மூன்று தரம். மறுநாள் மோட்டார் வந்தது. ஆனால் மப்ரூக்காவின் முறை வர ஒன்பது நாள் இருந்தது. பெல்காசம் ஒரு புட்டியில் கழிவை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனான். அக்கா குழாயை வெட்டிய சேதியையும் மறைக்கவில்லை.

"குத்தம் என்மேலதான். தண்ணி மாறுனத நான் ஒருத்தருக்கும் சொல்லல. குடிச்சுப் பாருங்க."

டம்ளர் கைமாறியது. ஒவ்வொருவராக முகம் சுளித்தார்கள். ஜிலானி கடைசியாகச் சுவைத்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"அட பாவி. நானும் கொழாய வெட்ட அரிவாளத் தீட்டி வச்சிருந்தேன்" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு என் முறை. உன் அக்காவுக்கு விடு" என்றார்.

இன்னும் இரண்டு பேர் தங்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள்.

பத்தொன்பது கன்றுகள் பிழைத்தன. பதினொன்று கருகிவிட்டன. குளிர்காலத்தில் ஒரு நாள் மப்ரூக்கா அவனைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். செத்த கன்றுகளைப் பிடுங்கிய இடத்தில் பதினொரு குழிகள் தயாராக இருந்தன.

"நட்டது நான். கொன்னது நாம ரெண்டு பேரும். குழி நான் வெட்டிட்டேன், கன்னு நீ கொண்டா."

பெல்காசம் ஒரு குழிக்குள் கைவிட்டு மண்ணைத் தேய்த்துப் பார்த்தான். அப்புறம் பேச ஆரம்பித்தான். இந்த மண்ணில் இன்னும் உப்பு இருக்கிறது, இப்போது நட்டால் வேர் வெந்துவிடும், எத்தனை தரம் கழுவ வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்று விடாமல் சொன்னான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

"அப்ப எப்பத்தான் நடறது?"

"ரெண்டு வருஷம் ஆகும்க்கா."

"காரணம் சொல்லிட்டல்ல, காத்திருக்கேன்" என்றாள்.

பேரீச்சை நட்டபின் காய்க்க ஐந்தாறு வருஷம் பிடிக்கும். மப்ரூக்காவுக்கு அந்தக் குளிர்காலத்தில் அறுபத்தெட்டு வயது.