ஏழாம் எண் ரத்தம்

நெல்லி பெத்தாங்கோருக்கு நோகாமல் ரத்தம் எடுக்கத் தெரியும், வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. மொந்தேவிதேயோ நகரில் ஒரு ரத்த ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பத்தொன்பது வருஷம். ரத்தத்தில் கிருமியோடு மல்லுக்கட்டும் டி செல்களை, யாருடையதானாலும், சொந்தப் பிள்ளைகள்போல வளர்த்துக் கொடுப்பாள். ஆய்வுக் கட்டுரைகளில் அவள் பெயர் மேலே வராது, கடைசியில் ஒரு வரி நன்றியில் வரும். அதற்கும் சிரிப்பாள்.

மூன்று வருஷமாக அங்கே அந்த செல்களுக்குள் இருக்கும் ஒரு நீளமான ஆர்.என்.ஏ.வின் பின்னால் ஓட்டம். புரதம் எதையும் உண்டாக்காத வெட்டி ஜென்மம். ஆனாலும் கிருமியைக் கண்டு சீறும் டி செல்களின் கடிவாளம் அதன் கையில்தான் என்று தலைவி இர்மா நம்பினாள். அதுவோ சோதனையில் தலைகாட்டவே இல்லை. இந்த மாதத்தோடு ஆய்வை மூடிவிடலாம் என்று அவள் சொன்ன அன்று நெல்லிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசிச் சோதனைக்கும் வழக்கம்போல ஆய்வுக்கூடத்து ஆட்களே ரத்தம் கொடுத்தார்கள், பெயருக்குப் பதில் எண் போட்டு. ஆறு பேரிடம் அந்த ஆர்.என்.ஏ. இருந்தும் இல்லாத மாதிரிதான். ஏழாவதில் நாற்பது மடங்கு எகிறிக் கிடந்தது. ஏதோ கலந்துவிட்டது, தூக்கிப் போடு என்றாள் இர்மா.

நெல்லி தூக்கிப் போடவில்லை. ஏழு அவளேதான். பிரேசிலுக்குக் கார்னிவல் திருவிழா பார்க்கப் போவதற்காகப் பன்னிரண்டு நாளைக்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருந்தாள். ஊசி போட்டவர்கள் ரத்தம் தரக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதும் அவளே. அன்று ஆள் குறைந்ததால் கையை நீட்டிவிட்டாள். சொன்னால் வேலைக்கே உலை. சொல்லாவிட்டால் மூன்று வருஷமும் குப்பைத்தொட்டியில்.

சாப்பாட்டறையில் வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இர்மாவுக்கு மாத்தே என்ற மூலிகைத் தேநீர் ஊற்றினாள். 

"இர்மா, திட்டுறதா இருந்தா குடிச்சு முடிச்சிட்டுத் திட்டு. ஏழு நான்தான். ஊசி போட்டிருந்தேன். என் செல்லுங்க இப்ப சண்டையில இருக்குதுங்க."

இர்மா குடிக்காமலே திட்ட ஆரம்பித்தாள். பாதியில் நின்றாள்.

"அடிப்பாவி, மூணு வருஷமா தூங்குற குதிரைக்கா கடிவாளம் தேடினோம்?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மறுநாளே இர்மா, தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தைச் சோதிக்க அனுமதி கேட்டு எழுதிப்போட்டாள். அது வந்ததும் நான்கு பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். நால்வரிடமும் அந்த வெட்டி ஜென்மம் துள்ளிக்கொண்டு எழுந்தது.

கட்டுரை வந்தபோது இரண்டாவது பெயர் நெல்லியுடையது. ஆறு தடவை படித்தாள், சந்தோஷத்தில் மூக்கு ஒழுகியது. பிறகுதான் சந்தேகம் வந்தது.

"அப்ப நன்றி வரியில யாரைப் போட்டே?"

"கார்னிவலை" என்றாள் இர்மா.