நான்கு வேங்கைப் பலகைகள்

ஜூன் 8. சிதம்பரத்தில் மகள் கட்டிவந்த வீட்டின் வாசக்கால் வேலை முடிந்தது. மிஞ்சிய வேங்கை மரத்துண்டுகளில் நான்கு கடலூருக்குக் கொண்டுவரப்பட்டன.

ஜூன் 21. நான்கு துண்டுகளும் இழைக்கப்பட்டு, மூன்று முறை அரக்கு மெருகு பூசப்பட்டன.

ஜூலை 2. ஒரு பலகை எங்கள் சமையலறையில் வைக்கப்பட்டது. மற்றவை பக்கத்து வீட்டுக்கும், மேல்பட்டாம்பாக்கத்தில் என் மனைவியின் தம்பி வீட்டுக்கும், மகள் வீட்டுக்கும் தரப்பட்டன.

ஜூலை 6, முற்பகல் பதினொரு மணி. என் மனைவியின் வலது பாதத்தில் கொதிக்கும் குழம்பு கொட்டியது. பதினைந்து ஆண்டுகளாக அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது.

ஜூலை 19. இரண்டு விரல்கள் அகற்றப்பட்டன.

ஆகஸ்ட் 3. முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டது.

ஆகஸ்ட் 11, பிற்பகல். காலமானாள்.

இவை என் குறிப்பேட்டில் உள்ளபடியே இங்கே தரப்பட்டிருக்கின்றன. முப்பத்தோர் ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். ஆய்வுக்கூடத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், நடந்திருக்க வேண்டியதை எழுதாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவந்தேன். அந்த விதியை இந்தக் குறிப்பேட்டில் நானே மீறியிருக்கிறேன். ஜூலை 6 அன்று நடந்ததில் ஒரு பகுதியை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வாசக்காலுக்கு வாங்கிய மரத்தில் மிஞ்சியதை அடுப்பெரிக்கக் கொடுக்கக் கூடாது என்பது என் மனைவியின் கட்சி. ஆசாரியின் கொட்டகையில் கிடந்த துண்டுகளைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கப் பலகை செய்து தரும்படி என்னிடம் சொன்னாள். எங்கள் உணவு மேசையில் அதுவரை பழைய செய்தித்தாளைத்தான் மடித்துப் போட்டிருந்தோம். ஓய்வு பெற்றபின் நான் மரவேலை பழகியிருந்தேன். ஒரு சாண் சதுரம், இரண்டு விரற்கடை கனம், முனைகள் மழுக்கப்பட்டவை என்று நான்கு பலகைகளுக்கும் ஒரே அளவு வைத்துக்கொண்டேன். வேங்கை கடினமான மரம், கைக்குக் கனக்கும். ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் கக்கும் குணமும் அதற்கு உண்டு. சமையலறையில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆகவே மெருகு பூசி மரத்தின் துளைகளை அடைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். காரணம் சரியானது.

ஆசாரி தடுத்தார்.

"சூடு வைக்கிற சாமானுக்கு பாலீஷ் எதுக்கு சார்? ரெண்டு நாள் தேங்காண்ணய தேச்சி வுடுங்க, போதும்."

"சாயம் எறங்குமே?"

"எறங்கட்டும் சார். துணியால தொடச்சா போவுது. நான் படிக்காதவன், நீங்க பாத்து செய்யுங்க."

பார்த்துத்தான் செய்தேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து அடுத்ததைப் பூசினேன். அரக்கு கொதிநீரின் சூட்டுக்கும் குறைவான சூட்டிலேயே இளகும் என்பதை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அது எனக்குத் தெரியாததல்ல, மறந்ததும் அல்ல. வகுப்பில் சொன்னதைக் கையிலிருந்த பலகையோடு ஒருமுறைகூட நான் சேர்த்துப் பார்க்கவில்லை. இதற்குமேல் விளக்கம் என்னிடம் இல்லை.

என் மனைவி பலகையைக் கையில் வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"மொகம் தெரியுதுங்க இதுல. இதுல சாம்பார வைக்கிறதா, சாமிய வைக்கிறதா?"

மகிழ்ச்சியாக இருந்தாள். அவளே பழைய புடவைக் கிழிசலில் சுற்றி மூன்று வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஜூலை 6 அன்று நடந்தது இது. அதுவரை அழகுக்கு வைத்திருந்த பலகைமேல் முதல் முறையாக, அடுப்பிலிருந்து குழம்புக் குண்டானை இறக்கி வைத்தாள். அப்பளம் பொரிக்கும் நேரம் அது அங்கேயே இருந்தது. அடியிலிருந்த அரக்கு இளகிக் குண்டானைப் பற்றிக்கொண்டது. மேசைக்குக் கொண்டுவருவதற்காக இரண்டு கையாலும் தூக்கினாள். பலகையும் சேர்ந்து வந்தது. இடுப்புயரம் வந்தபோது ஒரு பக்கம் விட்டு, கீழ்நோக்கித் தொங்கி, மறுபக்கம் இழுத்தது. குண்டான் சாய்ந்தது. நான் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் போகும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யாரு கேட்டாலும் கை வழுக்கிடுச்சின்னு சொல்லிக்கலாம். கெமிஸ்ட்ரி வாத்தியார் பொண்டாட்டி பாலீஷால கால சுட்டுக்கிட்டான்னா ஊரே சிரிக்கும்."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொன்னாள். மருத்துவரிடமும் அப்படியே சொன்னாள். செவிலியரிடமும், சிதம்பரத்திலிருந்து ஓடிவந்த மகளிடமும் அதையே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். மகள் வருவதற்கு முன் ஒருமுறை வீட்டுக்குப் போய்த் தரையைக் கழுவினேன். பலகையை எடுத்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தள்ளினேன். இதுவும் குறிப்பேட்டில் இல்லை.

காரியம் முடிந்து உறவினர்கள் போனபின்தான் மற்ற மூன்று பலகைகளின் நினைவு வந்தது. அவை மூன்று சமையலறைகளில் தினமும் புழக்கத்தில் இருக்கும் என்று நினைத்தேன். திருப்பி வாங்கிவிட வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் சொன்னால் அது மகள் காதுக்குப் போகும்.

முதலில் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாளும் என் மனைவியும் முதுநகர் மீன் மார்க்கெட்டுக்குச் சேர்ந்தே போய்வருவார்கள். நினைவுக்காகப் பலகை வேண்டும் என்று பொய் சொன்னேன்.

"அக்கா குடுத்தத திருப்பிக் கேக்குறீங்களே சார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் எடுத்துவந்தார். பலகையின் நடுவில் வட்டமாக மெருகு உரிந்திருந்தது. "பாக்க அழகுதான். ஆனா நல்லா ஒட்டிக்குது சார். கத்திய வுட்டு நெம்பித்தான் பாத்திரத்த எடுப்பேன். வந்த மொத நாளே அக்காகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். அவுங்க வூட்டுக்காரர் ஆசையா செஞ்சது, எதுக்கு மனச நோவடிக்கணும்னு வுட்டுட்டேன்."

முதல் நாள் என்றால் ஜூலை 2. நடுவில் நான்கு நாட்கள் இருந்திருக்கின்றன. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மறுவாரம் பாசஞ்சர் வண்டியில் சிதம்பரம் போனேன். மகள் மருந்தியல் படித்தவள். மாத்திரைகளுக்கு அரக்கில் மேற்பூச்சு கொடுப்பது அவளுக்குப் பாடம். அவளிடம் என்ன சொல்வது என்பதை வண்டியில் வரிவரியாக மனத்துக்குள் அமைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்பதுதான் முடிவு. புது வீட்டில் பலகை சாப்பாட்டு மேசையின் நடுவில் இருந்தது. நான் கைகழுவித் திரும்புவதற்குள் சாம்பார்க் குண்டானை அதன்மேல் வைத்துவிட்டாள்.

"அதுல வைக்காத."

"ஏம்ப்பா? இதுக்குத்தானே செஞ்சீங்க?"

"கீழ துணி போட்டு வையி."

"வர்றவங்ககிட்டல்லாம் எங்கப்பா செஞ்சது, எங்கம்மா கையால குடுத்ததுன்னு காட்டிட்டு இருக்கேன். இன்னைக்கித்தான் ஒங்களுக்காக வெளிய எடுத்து வச்சேன். நீங்க என்னடான்னா…"

"சூட்டுல அரக்கு எளகும்மா."

அவள் சிரிப்பு நின்றது. இரண்டு கையாலும் குண்டானை மெல்லத் தூக்கினாள். பலகையும் ஒரு விரல் உயரம் எழுந்தது. அப்படியே கீழே வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கி அம்மா இதுல இருந்துதான் தூக்குனாங்களா?"

வண்டியில் அமைத்த வரிகள் எல்லாம் என்னிடம் இருந்தன. முதல் வரியை மட்டும் சொல்லியிருந்தால் மற்றவை வந்திருக்கும்.

"கை வழுக்கிடுச்சின்னு அம்மாவே சொன்னாளே" என்றேன்.

என் மனைவி என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன வார்த்தை அது. அவள் போனபின் அதை எடுத்து நானே என் முன்னால் பிடித்துக்கொண்டேன். மகள் குண்டானிலிருந்து கையை எடுத்தாள்.

"சரிப்பா. சாப்புடுங்க" என்றாள்.

வழக்கமாக அப்பா என்று அழைக்கும் குரல் அல்ல அது. கத்தியை நுழைத்துக் குண்டானைப் பெயர்த்தாள். துணி மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தாள். எனக்குப் பரிமாறினாள். பொரியல் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள். அவள் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, அப்புறம் சாப்பிடுகிறேன் என்றாள். வீடு வந்து பையைத் திறந்தபோது பலகை செய்தித்தாளில் பொதியப்பட்டு உள்ளே இருந்தது. நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

அதன்பின் அவள் வாரம் இருமுறை ஃபோன் செய்கிறாள். மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறாள். போட்டேன் என்கிறேன். அதற்குமேல் பேச்சு நீள்வதில்லை. அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்குத் தெரிந்தும், ஃபோனை வைக்கும் வரை வேறெதையோ பேசிக்கொண்டிருக்கிறேன். தாயை இழந்தவளுக்கு என் பக்கத்திலிருந்து கிடைக்கக்கூடியதாக ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் நான் தரவில்லை.

செய்யாமல் நிற்பவை:

மேல்பட்டாம்பாக்கம் போய் மச்சானிடம் உள்ள பலகையை வாங்குவது. அதில் சூடானது எதையும் வைக்காதே என்று ஃபோனில் சொல்லியாகிவிட்டது. "ஏன் மாமா?" என்றான். நேரில் சொல்கிறேன் என்றேன்.

வாங்கிவந்த பலகைகளின் மெருகைச் சுரண்டி எடுப்பது.

ரேஷன் அட்டையில் அவள் பெயரை நீக்க மனு எழுதுவது.

மகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது.